மணியடித்த பிறகு வந்த சோறு

1

இந்த ஊரில் குப்பை போடுவதற்கே தனியாகப் படிக்க வேண்டும். காகிதத்துக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி, தயிர் டப்பாவுக்கு மஞ்சள் பை. டப்பாவைக் கழுவாமல் போட்டால் எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி வகுப்பெடுப்பார். ஜெர்மனிக்கு வந்து ஸ்டுட்கார்ட்டில் குடியேறிப் பத்து வருடம் நிறைந்த அன்று காலையும் நான் ஒரு தயிர் டப்பாவைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது செங்கல்பட்டிலிருந்து கோமதி அக்கா கூப்பிட்டாள். வழக்கமாக மிஸ்டு கால்தான் கொடுப்பாள், நான் திருப்பிக் கூப்பிடுவேன். அன்று போன் விடாமல் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"ஜெசி, உங்கம்மா சாப்ட மாட்டேன்றாங்க. மூணு நாளா டீயும் பன்னும்தான். நீ கொஞ்சம் பேசு."

"ஏன்க்கா, உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. நான் எடுத்தாந்த சோத்தைத்தான் தொட மாட்டேன்றாங்க. கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

அவள் குரல் கம்மியிருந்தது. கோமதி அக்கா அழுது நான் கேட்டதில்லை.

அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருக்கிறாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளால் அடுப்படியில் நிற்க முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயங்கி விழுவாள், ஒருமுறை விழுந்தும் இருக்கிறாள். இங்கே வந்து என்னோடு இரு என்றால், "உங்க ஊரு சர்ச்சுல பாதிப் பெஞ்சு காலியாமே, அங்க வந்து நான் என்னட்டி செய்ய?" என்பாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. மதியமும் இரவும் அம்மாவின் வயிற்றுக்குப் போவது, அடுத்த வீட்டிலிருந்து கோமதி அக்கா கொண்டுவரும் சோறுதான். அதை அம்மா தொட மறுக்கிறாள் என்றால், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நின்று டப்பா கழுவும் நான் என்ன செய்ய முடியும்?

2

கோமதி அக்கா எங்கள் வாழ்க்கையில் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்பதால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். துணி காயப்போட்டால் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துச் சட்டையில் கறை விழும். எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். எதிர்க் கதவில் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள்தான் கோமதி அக்கா. அவள் கணவருக்கும் அதே அலுவலகம். சொந்த ஊர் திருப்போரூர். அவள் மாமனார் அங்கே முருகன் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் கைங்கரியக்காரர்.

நகரியத்தில் பண்டிகை வந்துவிட்டால் என் அம்மாவுக்குச் சங்கடம். ஆயுத பூஜைக்குப் பொரி வரும், நவராத்திரிக்குச் சுண்டல் வரும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வரும். அம்மா எல்லாவற்றையும் இரண்டு கையாலும் சிரித்த முகத்தோடு வாங்குவாள். கதவைச் சாத்தியதும் அந்தக் கிண்ணம் சமையல் மேடையின் மூலைக்குப் போய்விடும். விக்கிரகத்துக்குப் படைத்தது, நாம் சாப்பிடக்கூடாது. குப்பையிலும் போட மாட்டாள், அன்னமாயிற்றே. நான் நெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். கடைசியில் அது பால்காரருக்குப் போகும்.

கோமதி அக்காவின் முதல் பொங்கலும் அப்படித்தான் பால்காரர் வயிற்றுக்குப் போனது. மறுநாள் அந்த மனிதர் எதிர்க் கதவில் பால் ஊற்றும்போது, உங்க வீட்டுப் பொங்கல் பிரமாதம் என்று பாராட்டித் தொலைத்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் கோமதி அக்கா எங்கள் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா ஜெசிம்மா, என் கைச் சமையல் உங்க வாய்க்கு வெளங்கலையா? வேணான்னா வேணான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. உட்காரவைத்து, தட்டுத் தடுமாறி, எங்கள் வேதம் இப்படிச் சொல்கிறது, உன் சமையலில் ஒரு குறையும் இல்லை என்று விளக்கினாள். கோமதி அக்கா, "இவ்ளோதானா? இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த பண்டிகைக்கு வந்த கிண்ணத்தோடு அவளே ஒரு சாட்சியும் சொன்னாள். "இது படைக்கறதுக்கு மின்னாடியே எடுத்தது ஜெசிம்மா. சாமி பாக்கவே இல்ல. தைரியமா சாப்டுங்க."

அன்றுதான் நான் அவள் கைப் பொங்கலைச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு எல்லாப் பண்டிகைக்கும் எங்கள் பங்கு முன்னாலேயே எடுக்கப்பட்டு வந்தது. அம்மாவுக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தில் இதைச் சாட்சியாகவே சொன்னாள், மனதைத் திறந்து சொன்னால் பிறர் மதிப்பார்கள் என்று.

சாமிக்கு வைக்கிற பானையிலிருந்து முதலில் வேறு யாருக்காவது எடுத்துவிட்டால், அவர்கள் வழக்கப்படி அது சாமிக்கே ஆகாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. சாமிக்கு எச்சிலை வைத்த மாதிரி. ஒரு வருடம் திருப்போரூரிலிருந்து வந்த மாமியார் இதைப் பார்த்துவிட்டு மருமகளை நாள் முழுக்க வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். என் கல்யாணத்துக்கு முதல் வாரம் எனக்கு மருதாணி வைத்துக்கொண்டே கோமதி அக்கா இதைப் போகிற போக்கில் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாள். நானும் சொல்லவில்லை.

3

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இரண்டு குடும்பமும் பேசிவைத்துக்கொண்டு செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் அடுத்தடுத்த மனை வாங்கி வீடு கட்டின. நடுவில் ஒரே ஒரு சுவர். கோமதி அக்காவின் கணவர் இன்னும் ஆபீஸ் பஸ்ஸில் போய்வருகிறார். மகன் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலைக்கு விடியற்காலையில் கிளம்பிப் போகிறான்.

மாமியார் காலமான பிறகு மாமனார் இவர்களோடு வந்து சேர்ந்தார். வந்ததும் வீட்டுச் சட்டம் மாறியது. பண்டிகைக்கு மட்டும் இல்லை, தினமும் மதியம் வடித்த சோறு முதலில் முருகனுக்கு, மணியடித்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் மனிதர்களுக்கு. அதற்குள் யாரும் பானையில் கரண்டி விடக்கூடாது. அம்மாவுக்கு முன்னாலேயே எடுத்துவைக்க வழியில்லாமல் போயிற்று. கோமதி அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அம்மா வழுக்கி விழுந்ததிலிருந்து தினமும் இரண்டு உலை வைத்தாள். பெரிய பானை சாமிக்கும் வீட்டுக்கும், சின்னப் பானை ஜெசிம்மாவுக்கு. குழம்பும் இரண்டு சட்டி. அம்மா கேட்டாள், அவள் சொன்னாள், அம்மா ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டாள்.

இந்த வருடம் கோமதி அக்காவுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. மணிக்கட்டு வீங்கி, பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு பானையாக்கிவிட்டாள்.

அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"நீ ஏம்மா கேட்டே? சோறு வந்துச்சா, சாப்பிட வேண்டியதுதானே?"

"கேக்காம எப்படிட்டி இருக்க? முன்னெல்லாம் சோறு வரும், அப்புறம் சுவத்துக்கு அந்தப் பக்கம் மணிச்சத்தம் கேக்கும். இப்ப மணி அடிச்சப்புறம் சோறு வருது. எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு."

"வேதத்துல பவுல் என்ன சொல்லியிருக்கார்? ஒருத்தர் வீட்டுல முன்னால வைக்கிறதை எதுவும் கேக்காம சாப்பிடுன்னுதானே?"

எனக்கு அந்த வசனம் ஞாபகம் இருந்ததில் எனக்கே பெருமை. அம்மா விடவில்லை.

"அடுத்த வசனத்தையும் படி. இது படைச்சதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா சாப்பிடாதன்னு இருக்கு. அவ சொல்லிட்டாளே."

"நீ கேட்டதாலதானே சொன்னா?"

"கேட்டு அறிஞ்சா என்ன, கேக்காம அறிஞ்சா என்ன? அறிஞ்சாச்சு."

டீக்கும் பன்னுக்கும் முன்னால் இரண்டு நாள் முக்கு ஹோட்டலில் இட்லி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். அந்த ஹோட்டலில் கல்லாவுக்கு மேல் மூன்று சாமி படம், காலையில் சூடம் காட்டாமல் முதல் இட்லி விற்க மாட்டார்கள். அதைச் சொன்னேன். கடையில் விற்கிறதைக் கேள்வி கேட்காமல் வாங்கலாம் என்று பவுலே அனுமதித்திருக்கிறார் என்றாள் அம்மா. ஆக, முகம் தெரியாதவன் படைத்தது ஆகும், பெற்ற மகள் மாதிரிப் பார்க்கிறவள் படைத்தது ஆகாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை, எல்லாம் எழுதியிருக்கிறபடிதான் இருக்கிறது. அந்த இட்லியும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் பன்னுக்கு வந்துவிட்டாள்.

உடனே கோமதி அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நாளையிலிருந்து தனியா வடிச்சேன்னு சொல்லிடுங்க. மணியை மட்டும் மெதுவா அடிக்கச் சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு உயிரைக் காப்பாத்தத்தானேக்கா."

"எதுர்ல ஒக்காந்துகினு நான் சொல்றதை நம்பி வாயில வெக்கறவங்ககிட்ட எனக்கு அது வராது ஜெசி. நீ வேணா சொல்லு. நீதான் தூரமா கீறியே."



4

விசுவாசத்தைப் பற்றி இந்த ஊரில் எங்களிடம் முதலில் கேட்டது நகர அலுவலகம்தான். வந்த புதிதில் முகவரி பதியப் போனோம். மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. என் கணவர் அருள் பெருமையாக நிரப்பினார். அடுத்த சம்பளத்திலேயே சபைக்கு என்று வரி பிடித்துவிட்டார்கள். அவரோடு வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அலுவலகத்துக்குப் போய், சபையை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் வரி நின்றுவிடும், நம்பிக்கையை யார் கேட்டார்கள் என்றார்கள். அம்மாவிடம் சொன்னபோது போனிலேயே பதறினாள். "இயேசுவைத் தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்சப்ப சேவலாவது கூவிச்சு. உங்களுக்கு அதுகூடக் கூவாது. கையெழுத்து கிய்யெழுத்துப் போட்டுறாதீங்க." அருள் போடவில்லை. சம்பளச் சீட்டு வரும்போதெல்லாம் முணுமுணுப்பார். விலகுவது மறுதலிப்பதா, இல்லை வெறும் காகிதமா என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்படி வரி கட்டி வைத்திருக்கும் சபையின் போதகரிடமே போய்க் கேட்டால் என்ன என்று தோன்றியது. பாஸ்டர் ஒரு பெண். கிராப் வெட்டிய முடி, சைக்கிளில் வருவார். என் அம்மா போட்டோவில் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. என் மகள் ரூத்தை அழைத்துக்கொண்டு போனேன், எனக்கு ஜெர்மன் சிக்கினால் அவள் எடுத்துவிடுவாள். எட்டு வயது. அவளுக்குத் தமிழ்தான் சிக்கும். "பாட்டி ஏன் ஹுங்கர்ஷ்ட்ரைக் பண்றாங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். உண்ணாவிரதத்துக்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தை அது.

நான் என் அரைகுறை ஜெர்மனில் சொல்லி முடித்தேன். பாஸ்டர் நிதானமாகக் கேட்டார். முகம் மலர்ந்தது. அடுத்த மாதம் நாமும் அறுவடை நன்றி ஆராதனையில் பூசணிக்காயும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் பீடத்துக்கு முன்னால் வைப்போமே, பிறகு இல்லாதவர்களுக்குக் கொடுப்போமே, உங்கள் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரரும் நன்றி சொல்லத்தானே வைக்கிறார் என்றார். ரூத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். டிராமில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இதை அம்மாவிடம் சொன்னால் எப்படி வெடிக்கும் என்று உறைத்தது.

இருந்தும் சொல்லிப் பார்த்தேன். ஏனென்றால் செங்கல்பட்டுச் சபையிலும் அறுப்பின் பண்டிகை உண்டு. பீடத்துக்கு முன்னால் வாழைத்தாரும் தேங்காயும் குவித்து, ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அம்மா வருடா வருடம் ஒரு தாரைப் போட்டி போட்டு எடுத்து, கோமதி அக்கா வீட்டுக்கு இரண்டு சீப்பு அனுப்புவாள்.

"நம்ம பீடத்துல வெச்ச பழத்தை அவங்க சாப்பிடலையா? இது படைச்சதான்னு கேட்டாங்களா?"

"அது வேற."

"எப்படிம்மா வேற?"

"வேறன்னா வேறதான். ஜீவனுள்ள தேவனும் மத்ததும் ஒண்ணா? எட்டாயிரம் மைல் தள்ளி உக்காந்துட்டு எனக்கு வேதம் படிச்சுக் குடுக்காத."

எட்டாயிரமா நாலாயிரமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சண்டையில் போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அருளிடம், டிக்கெட் பார், நான் போகிறேன் என்றேன். போய் என்ன செய்வாய், எத்தனை நாள் சமைத்துப் போடுவாய் என்று அவர் கேட்டார்.

5

அம்மாவே மறுநாள் மிஸ்டு கால் கொடுத்தாள். கூப்பிட்டேன்.

"சாப்ட்டேன்" என்றாள்.

"என்ன சாப்ட்டே?"

"கோமதி வீட்டுச் சோறு. அவ வீட்டுல போயி, அவ அடுப்படியில உக்காந்து."

காலையில் கோமதி அக்காவின் மாமனார் அம்மாவின் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறார். வயதான மனிதர், அதுவரை அம்மாவோடு நாலு வார்த்தைகூடப் பேசினதில்லை. "எங்க மருமவப் பொண்ணும் சாப்டறதில்லம்மா. உங்களுக்குக் குடுக்காம அதுக்குக் கையி சோத்துக்குப் போவல. காய்ச்ச உடம்பு. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றிருக்கிறார். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு போயிருக்கிறாள். கோமதி அக்கா சுவரோரமாகப் படுத்திருந்தாளாம்.

"நான் சாப்பிட்டா எனக்குப் பாவம். சாப்பிடாட்டி அவ பட்டினி. நான் யாருக்காகச் சாப்பிடாம இருக்கணும்? அடுத்தவன் மனச்சாட்சி இடறக்கூடாதுன்னுதானே பவுலே சொல்லுதாரு. இங்க நான் சாப்பிடாம இருக்கிறதுதான் அவளுக்கு இடறலா இருக்கு. அவர் எழுதின ரெண்டு நிருபத்தையும் கண்ணாடி போட்டுத் தேடினேன் ஜெசி. இந்தக் கேஸு அதுல வரலை."

அம்மா கண்ணை மூடி ஜெபித்திருக்கிறாள். கோமதி அக்காவும் கண்ணை மூடிக்கொண்டாளாம். பிறகு ஒரே பானையிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். கத்தரிக்காய் காரக்குழம்பு.

எத்தனை கெஞ்சினேன், எத்தனை வசனம் தேடினேன். அவள் சாப்பிட்டுவிட்டாள் என்று கேட்டதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் பொய். என் சிறு வயது முழுக்க ஏதாவது ஒரு வீட்டின் படையல் கிண்ணம் மேடை மூலையில் இருந்தது. நெய் வாசனையோடு நான் அதைத் தொடாமல் வளர்ந்தேன். அம்மா தொடமாட்டாள் என்பது எனக்கு இந்த ஊரின் குளிரிலும் ஒரு பிடிமானமாக இருந்திருக்கிறது போலும். அவள் உயிருக்காக அதை நானே பிடித்து ஆட்டினேன். ஆடியதும் எனக்குப் பயமாகிவிட்டது. இப்படிப்பட்ட என்னை என்ன சொல்வது? அருள் ஒன்றும் புரியாமல் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அம்மா அதோடு விடவில்லை.

"வார ஞாயித்துக்கிழமை திருவிருந்து. நான் எந்திரிச்சுப் போகவா, பெஞ்சுலயே இருந்துக்கிடவா?"

திருவிருந்தில் கர்த்தர் பெயரால் பீடத்துக்கு முன்னால் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். கர்த்தருடைய பாத்திரத்திலும் மற்றதிலும் இரண்டிலும் பங்கு பெற முடியாது என்றும் அதே நிருபத்தில், அதே அதிகாரத்தில் இருக்கிறது. அபாத்திரமாக, அதாவது தகுதியில்லாமல், புசிக்கிறவன் தனக்கே தண்டனையைத் தேடிக்கொள்கிறான் என்று அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. அம்மா திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு அங்கமான நாளிலிருந்து ஒரு திருவிருந்தையும் விட்டதில்லை. இடுப்பு உடைந்து கிடந்த மாதம்கூடப் போதகர் வீட்டுக்கு வந்து கொடுத்தார். அதை இழப்பது அவளுக்குச் சோற்றை இழப்பதைவிடப் பெரிது. நான் அவளைச் சோறு பக்கம் தள்ளும்போது இதை யோசிக்கவே இல்லை.

"ஐயர்கிட்டக் கேளேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். கோமதி அக்காவுக்கு இதில் அடக்க முடியாத சிரிப்பு.

"புதுசா மாறுதலாகி வந்திருக்காரு. கேட்டா அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல உதாரணமாச் சொல்லிருவாரு."

"உன் மனசுக்கு என்ன தோணுதோ அப்படிச் செய்ம்மா."

"மனசுக்குத் தெரிஞ்சா உன்கிட்ட எதுக்குட்டிக் கேக்கேன்?"

போ என்று சொல்ல வாய் வந்தது, இத்தனை நாள் சாப்பிடு என்று சொன்ன அதே வாய்தானே என்று நிறுத்திக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நானும் வேதத்தைப் புரட்டினேன். கம்ப்யூட்டரில் தேடினால் போகலாம் என்று பாதிப் பேர், நரகம் என்று பாதிப் பேர். சனிக்கிழமை கூப்பிட்டபோது, "இருந்துக்கிடுதேன்னு முடிவு பண்ணிட்டேன்" என்று அம்மா சொன்னாள். சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

6

ஞாயிறு காலை இங்கே சபைக்குக் கிளம்புமுன் கூப்பிட்டேன். அங்கே மதியமாகியிருந்தது.

"என்னம்மா, பெஞ்சுலயே இருந்தியா?"

"எங்க இருக்க விட்டா? இரு, சொல்லுதேன்."

கோமதி அக்காதான் ஆட்டோவில் கூட்டிப்போயிருக்கிறாள். இடுப்பு முறிந்ததிலிருந்து அதுதான் வழக்கம். ஆராதனை முடியும் வரை அக்கா கடைசிப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்று திருவிருந்துக்கு ஒவ்வொரு வரிசையாக எழுந்து போனார்கள். அம்மாவின் வரிசை எழுந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகக் கைத்தாங்கலாக அழைத்துப்போகும் சபைப் பெண் அன்று வரவில்லை. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை என்று நினைத்த கோமதி அக்கா, பின்னாலிருந்து விறுவிறுவென்று வந்துவிட்டாள்.

"எந்திரிங்க ஜெசிம்மா, நான் புடிச்சிக்கறேன்" என்று கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாளாம்.

"வேண்டாம்னு எப்படிச் சொல்ல? எல்லாரும் பாக்காங்க. ஏன் வேண்டாம்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? உன் வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டதாலன்னா? அந்தக் கையிலேயே புடிச்சுக் கூட்டிட்டுப் போறா, வீங்கின கையில. போயிட்டேன்."

பீடத்துக்கு முன்னால் அம்மாவால் முழங்காலிட முடியாது, நின்றிருக்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டு வந்த கோமதி அக்கா, இரண்டு பக்கமும் எல்லோரும் முழங்காலிட்டுக் கையை நீட்டுவதைப் பார்த்து, தானும் முழங்காலிட்டுக் கையை நீட்டிவிட்டாள். ஐயர் புதியவர், யார் யார் என்று தெரியாது. அப்பத்தை வைத்துவிட்டார். கோமதி அக்கா கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா பதறிப்போய், இவ நம்ம ஆள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள். வாங்கத்தான் திறக்கிறாள் என்று நினைத்து ஐயர் அம்மாவின் வாயிலும் வைத்துவிட்டார்.

"ரசக் கிண்ணம் வாரதுக்குள்ள அவ முந்தானையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். ஆட்டோவுல வரும்போது சொல்லுதா, 'இன்னா ஜெசிம்மா, அப்பளம் மாரி கீது, உப்பே போடலியே, யாரு செய்றாங்க'ன்னு."

நான் சிரித்தேன். நாள்கணக்கில் சிரிக்காத சிரிப்பு, வயிறு வலிக்கும் வரை சிரித்தேன். ரூத் ஒரு காலில் ஷூவோடு ஓடிவந்து என்னைப் பார்த்தாள்.

"சிரிக்காதட்டி" என்றாள் அம்மா. அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளை. என்னன்னு தெரியாம வாங்கிட்டா. தெரிஞ்சிருந்தும் அவகூடப் போனவ நான். அபாத்திரமா எடுத்தா என்ன ஆகும்னு எழுதியிருக்குல்லா? அவளுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. அதான் வந்ததும் கட்டில்ல உக்காந்து ஜெபம் பண்ணிட்டேன். ஆண்டவரே, அவமேல ஒண்ணையும் சுமத்தாதேயும், அவளுக்குள்ள தண்டனை எதுன்னாலும் அதையும் சேத்து என்மேல வச்சிரும்னு."

ரூத் என் முந்தானையைப் பிடித்து, சபைக்கு நேரமாகிறது என்று ஜெர்மனில் சொன்னாள்.

"அப்படியெல்லாம் ஜெபம் பண்ணலாமாம்மா?" என்றேன்.

"தெரியலையே. பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "யாரு, ஜெசியா? அப்பறம் பேசிக்கலாம், ஆறிப்போவுது வாங்க" என்று கோமதி அக்கா சொல்வது கேட்டது.

"வச்சிரட்டுமா?" என்றாள் அம்மா. "கோமதி சோறு போட்டுட்டா."